ஆளுநர் குடியிருக்காத தீவுக்குப் பதினொரு மனு

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டில் பாதி தூரத்தில் என் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று பலகையில் எழுதியிருக்கும். பலகையில் இல்லாததுதான் என் முக்கியமான வேலை, மனு எழுதுவது. திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் என்பதால் வெள்ளி, சனிகளில் என் கடையில் நிற்க இடம் இருக்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகுகிறது, கரடி வருகிறது, சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஆளுக்கொரு குறையோடு வருவார்கள். "ஏனுங்க மேடம், கொஞ்சம் அழுத்தமா எழுதுங்க" என்பார்கள். அதைச் சொல்லவே வேண்டாம். எனக்கு வாயும் அழுத்தம், கையும் அழுத்தம். அதிகாரி தூங்கிக்கொண்டே படித்தாலும் எழுந்து உட்காருகிற மாதிரி எழுதுவேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்வதுதான் சரி.

எங்கள் ஆட்கள் சிலோன் தோட்டங்களிலிருந்து, இந்திய, இலங்கை அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டு இந்த மலையில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். எங்கள் மனுக்களுக்கென்று ஒரு முதல் வரி இருக்கிறது. "இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த நான்" என்று தொடங்க வேண்டும். பட்டா கேட்டாலும் அந்த வரிதான், பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கேட்டாலும் அந்த வரிதான். எங்களுக்கென்று இருந்த வேலையும் வீடும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. அது இல்லாத மனுவைக் கொண்டுபோனால், "நீங்க யாருன்னே இதுல இல்லியே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவோம். இந்த மலையில் அந்த வரியை என்னைவிட அதிகமாக எழுதினவர் யாரும் இருக்க முடியாது.

என் தம்பிக்காக மட்டும் பதினொரு மனு எழுதினேன். பிரிட்டிஷ்காரர்களுக்குச் சொந்தமான ஒரு தீவில் அவன் மாட்டிக்கொண்டிருந்தான். அவனை அங்கிருந்து வீடு சேர்ப்பதுதான் நான் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் போட்டபோது அவன் பிறக்கவில்லை. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் அதில் இருந்தோம். கப்பலுக்குக் கூப்பிடுவதற்குள் சில வருடம் ஓடிவிட்டது, அதற்குள் அவன் பிறந்தான். பேரைச் சேர்க்க வேண்டுமா என்று அப்பா தோட்டத்து ஆபீசில் கேட்டதற்கு, கைக்குழந்தைக்கு எதற்குக் காகிதம் என்று சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். ராமேஸ்வரத்தில் அம்மா இடுப்பில் அவன் இறங்கினான். எங்கள் மூன்று பேருக்கும் கட்டத்தில் டிக் போட்டார்கள். அவனுக்குக் கட்டமே இல்லை.

அன்றைக்கு இல்லாமல் போன கட்டம் அவனுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. எனக்குக் குடியுரிமை இருந்தது, ஒரே வயிற்றில் பிறந்த அவனுக்கு இல்லை. நிரந்தர வேலைக்கு எழுதிப்போட்டால் காகிதம் கேட்டார்கள். காகிதத்துக்கு எழுதிப்போட்டால் எந்தக் காகிதத்தின் அடிப்படையில் கேட்கிறாய் என்றார்கள். நாற்பது வயது வரை தினக்கூலிக்குத்தான் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டினான். குடிப்பவனும் இல்லை, கோபக்காரனும் இல்லை. எங்கள் வீட்டுக் கோபம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதானபோது ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம். மாநில ஆளுநர் மலைக்கு வந்து மாளிகையில் தங்கியிருந்தார். நான் மூன்று பக்கத்துக்கு ஒரு மனு எழுதி, முதல் வரி எல்லாம் பிரமாதமாகப் போட்டு, அவன் பெயரில் டைப் அடித்திருந்தேன். வாசலில் இரண்டு மணி நேரம் மழைச் சாரலில் நின்றோம். ஒரு அலுவலர் வெளியே வந்து மனுவை வாங்கிக்கொண்டு, "வூட்டுக்குப் போங்கம்மா, பதில் வரும்" என்றார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. தங்கள் மனு பெறப்பட்டது, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று இரண்டே வரி, மேலே அவன் பெயர், பக்கத்தில் அரசு முத்திரை. உரிய துறை ஆறு மாதம் கழித்து, சட்டத்தில் இடமில்லை என்று எழுதிவிட்டது. ஆனால் அந்த இரண்டு வரிக் கடிதத்தை நான் லேமினேட் செய்து கொடுத்தேன். அவன் பெயரைப் போட்டு ஒரு சர்க்கார் எழுதிய முதல் காகிதம் அது. அதை வாழ்நாள் முழுவதும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான் பாவி.

அந்த நாளில் எங்கள் புத்தியில் ஒன்று பதிந்துவிட்டது. ஆளுநர் என்றால் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுக்கு ஒரு வாசல் இருக்கும், வாசலில் நின்றால் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். வேலை நடக்கிறதோ இல்லையோ, வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, கனடாவுக்குப் படகு போகிறது என்று ஒரு ஏஜென்ட் அவன் காதில் ஓதினான். என்னிடம் சொல்லியிருந்தால் காலை உடைத்திருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை. பெண்டாட்டியையும் மகளையும் லயத்தில் விட்டுவிட்டு, கேரளாவில் மேசன் வேலை என்று சொல்லிக் கிளம்பியவன் கடலோரம் போய்ப் படகேறினான். நடுக்கடலில் இன்ஜின் நின்றிருக்கிறது. ஏதோ ஒரு கப்பல் பார்த்து எல்லோரையும் பக்கத்துத் தீவில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது. நாற்பது நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, உசுரோட இருக்கேன். திட்டாதே. பத்து நிமிசந்தான் பேச விடுவாங்க."

நான் ஒன்பது நிமிடம் திட்டினேன். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில், வேலி போட்டுக் கூடாரத்தில் வைத்திருக்கிறார்கள், சோறு போடுகிறார்கள், வெளியே விடுவதில்லை என்றான். எந்த ஊர் என்று கேட்டதற்குக் குன்னூர் என்று சொல்லியிருக்கிறான். பிறந்ததும் அங்கேதான் என்றிருக்கிறான். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வயதில் வந்தவனுக்கு வேறெந்த ஊர் தெரியும்? அந்த லேமினேட் கடிதத்தைக் காட்டியிருக்கிறான். அங்கே இருந்த வெள்ளைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் ஆளுநர் இல்லையே என்றாராம்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அப்படியானால் அவர்களுக்கும் ஒரு ஆளுநர் இருக்கிறார்! அன்று மாலையே முதல் மனுவை ஆங்கிலத்தில் அடித்தேன். ஆங்கில டைப்பிங்கில் நான் ஹையர் பாஸ். பெறுநர், மேதகு ஆளுநர் அவர்கள், ஆளுநர் மாளிகை, தீவின் பெயர். தீவில் உயரமான இடமாகப் பார்த்து ஒரு பங்களா கட்டியிருப்பார்கள், வாசலில் ஒரு கொடி, ஒரு சென்ட்ரி, உள்ளே இருந்து ஒரு அலுவலர் வந்து தபாலை வாங்குவார் என்று என் மனதில் அப்படியே படம் ஓடியது. கடலுக்கு நடுவில் ஒரு ஊட்டியைக் கட்டிவிட்டேன் நான்.

தபால் ஆபீசில் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "இந்த நாடே சிஸ்டத்துல வர மாட்டேங்குதுங்க" என்றாள். லண்டன் வழியாக என்று எழுதி அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அடுத்ததும் அப்படியே. அப்புறம் மின்னஞ்சல் முகவரி ஒன்று கிடைத்தது. ஒன்பதாவது மனு வரைக்கும் அதற்குத்தான் அனுப்பினேன். பெறப்பட்டது என்று இயந்திரம் ஒரு பதில் போடும். அதையும் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன்.

தீவில் இருந்தவர்களுக்காக லண்டனில் ஒரு பெண் வழக்கறிஞர் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பெண். தம்பி என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். ஒருநாள் கடையில் கூட்டமாக இருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. நான் எடுத்த எடுப்பில், ஆளுநர் என் மனுக்களைப் படித்தாரா இல்லையா என்று கேட்டேன்.

"அக்கா, அங்க ஆளுநர் எண்டு ஒருத்தரும் இல்லை" என்றார். "ஆணையர் எண்டு ஒருத்தர் இருக்கிறார். ஆனா அவர் தீவில இல்லை. இஞ்ச லண்டனிலதான் இருக்கிறார்."

மரியாதையான பெண், பொறுமையாக எனக்கு விளக்கினார். அந்தத் தீவுகளுக்கெல்லாம் ஆளை நியமிப்பது ராஜாவின் பெயரில், ஆனால் பொறுக்கி எடுப்பது லண்டனில் வெளியுறவு அலுவலகம். சனங்கள் குடியிருக்கும் தீவாக இருந்தால் ஆளுநர் அங்கே போய் உட்காருவார், விழா நாளில் சில இடங்களில் இறகு வைத்த தொப்பி கூடப் போடுவாராம். குட்டித் தீவு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வேறொரு நாட்டில் தூதராக இருப்பவரே ஆளுநர், அது அவருக்கு இன்னொரு பொறுப்பு. குடிமக்களே இல்லாத தீவுக்கு ஆளுநர் எதற்கு என்று ஆணையர் என்ற பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவருக்கு லண்டனில் ஒரு மேசை. அந்த மேசைக்கு வேறு வேலைகளும் இருக்கும், தீவு அதில் ஒன்று. தீவில் அவர் சார்பாகக் கடற்படை அதிகாரி ஒருவர் இருப்பார். சட்டசபை, மெம்பர், கவுன்சில் எதுவும் கிடையாது. ஆணையர் கையெழுத்துப் போட்டால் அது தீவுக்குச் சட்டம். சில வருடத்தில் அவரை மாற்றிவிடுவார்கள், அடுத்தவர் வந்து ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிப்பார்.

"தம்பி அங்க போன ரெண்டு வருசத்துல எத்தன பேரு, மூணு பேர் மாறியாச்சா?" என்று கேட்டேன்.

"மூண்டு இல்லை, ரெண்டு பேர்" என்றார். என்ன ஒரு நிம்மதி!

சாயங்காலம் லயத்துக்குப் போய்த் தம்பி பெண்டாட்டியிடம் இதைச் சொன்னேன். அவள் கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "தொரையே இல்லாம மேஸ்திரிய வெச்சே தோட்டத்த ஓட்டறாங்களா அண்ணி?" என்றாள்.

"தொரை இருக்காரும்மா. லண்டன்ல இருக்காரு."

"அவரு ஒருக்காவாச்சும் வந்து பாத்துருக்காரா?"

எனக்குத் தெரியாது என்றேன். "வந்து பாக்காத காட்டுல கவாத்து வெட்டச் சொன்னா நாம வெட்டுவமா?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அந்த அலுவலகத்தில் இவளை ஒருநாள் உட்கார வைத்திருக்கலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியிடம் கேட்டால் சாமி லண்டனில் இருக்கிறது என்கிறான், சாமியிடம் கேட்டால் கோயில் எந்தப் பக்கம் என்கிறது.

வழக்கறிஞர் என்னிடம் கண்டிப்பாக ஒன்று சொல்லியிருந்தார். "அக்கா, நீங்கள் இனி ஒண்டும் எழுத வேண்டாம். அவர் எந்த நாட்டு ஆள் எண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளால நிரூபிக்கேலாது. இந்தியாவும் தன்ர ஆள் இல்லை எண்டுது. நாடு தெரியாத ஆளை எங்க திருப்பி அனுப்பிறது? அதுதான் எங்கட பிடி. கொஞ்சம் பொறுத்தா அவையே லண்டனுக்கு எடுக்க வேண்டி வரும். பிறகு குடும்பத்தையும் கூப்பிடலாம்."

நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு என்ன செய்தேன்? புதிதாக ஒரு ஆணையர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கை சும்மா இருக்குமா? அவருக்கு ஃபைல் புதிது, பழையதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறார், நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். லண்டனில் படித்த பெண் எழுதாத மனுவை நான் எழுதிவிடுவேன் என்ற திமிர் வேறு. பத்தாவதை அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதினொன்றாவது. வழக்கறிஞருக்குக் காட்டவில்லை. மனுதானே, அதில் மறைக்க என்ன இருக்கிறது?

பதினொன்றாவதற்குப் பதில் வந்தது. எனக்கு இல்லை, வழக்கறிஞருக்கு. அவர் உடனே எனக்குப் போன் போட்டார். "அக்கா, அந்த முதல் வசனத்தை ஏன் எழுதினீங்கள்?" என்று கேட்டார்.

எந்த வசனம் என்று நான் கேட்டேன். சத்தியமாக எனக்குப் புரியவில்லை. அவர் ஆணையரின் உத்தரவை வாசித்தார். மனுதாரரின் உடன்பிறந்த சகோதரி பதினொரு கடிதங்களிலும் முதல் வரியிலேயே, இவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று தானாக முன்வந்து உறுதி செய்திருக்கிறார். ஆகவே இவருடைய நாடு எது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. இலங்கை அதிகாரிகளும் இவரை ஏற்கச் சம்மதித்துவிட்டார்கள்.

தபாலில் திரும்பி வந்த இரண்டையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பியிருந்தேன் அல்லவா, அதனால் பதினொன்று. எண்ணிக்கையில் அவர்கள் தப்பே செய்யவில்லை. 'நான்' என்ற இடத்தில் 'என் தம்பி' என்று மாற்றி, அந்த வரியைப் பதினொன்றிலும் அடித்தது நான்தான்.

ஆத்தாடி என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் மலையில் அந்த வரி இல்லாமல் மனு இல்லை, அந்த வரி எங்களுக்கு வீடு வாங்கித் தரும், வேலை வாங்கித் தரும் என்று அவரிடம் புலம்பினேன். "எனக்கு விளங்குது அக்கா" என்றார். "அவைக்கு அது விளங்காது." மலைக்கு ஒரு வழக்கம், லண்டனுக்கு ஒரு வழக்கம். இதைக் கூடத் தெரிந்துகொள்ளாமல் பதினொரு தடவை என் கையாலேயே தம்பியின் காலை வாரிவிட்டேன். அந்த ஆணையரை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அந்தப் பதினொன்றையும் அந்த ஆள் முழுதாகப் படித்திருக்கிறார். இத்தனை வருடத்தில் என் மனுவை அப்படிப் படித்த ஒரே அதிகாரி அவர்தான்.

அவனோடு படகில் போன வேறு சிலரை, நாடு எதுவென்று தீராததால், கடைசியில் லண்டனுக்கே கொண்டுபோனார்கள். வழக்கறிஞர் வருத்தத்தோடுதான் இதைச் சொன்னார். உத்தரவில் என் மனுவைப் பற்றி இருப்பதைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்றார். தம்பி பெண்டாட்டியிடமும் நான் சொல்லவில்லை. அவள் இன்றைக்கும், "அண்ணி எவ்வளவோ எழுதிப் பாத்தாங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

தம்பியைக் கொழும்பில் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் அப்பா வேலை பார்த்த தோட்டத்தைத் தேடிப்போயிருக்கிறான். எங்களைத் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் லயத்தின் கடைசி அறையில் இருக்கிறான், அங்கேயும் தினக்கூலிதான். திரும்பி வரலாமென்றால் விசா வேண்டும். நாற்பது வருடம் இங்கே எப்படி இருந்தாய், எந்தக் காகிதத்தில் வெளியே போனாய் என்று முதலில் கேட்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். மழையா என்று கேட்டான், மழை என்றேன். அங்கேயும் மழை என்றான். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் என்றதும் ஒவ்வொரு பாடமாக மார்க்கைக் கேட்டான்.

"இங்க என்னைய என்னன்னு கூப்புடறாங்க தெரியுமாக்கா?" என்றான் அப்புறம். "இந்தியாக்காரன்னு."

"இங்க இருந்தப்ப சிலோன்காரன்னுதானேடா கூப்பிட்டாங்க."

"அதான். வையறதுக்குன்னாலும் ஒரு ஊரு வேணுமில்ல."

அவன் சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன். இங்கே கூப்பிட்டுக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டான். வழியெல்லாம் எனக்கெங்கே தெரியும், எனக்குத் தெரிந்தது மனு ஒன்றுதான் என்றேன்.

"அப்ப இன்னொண்ணு எழுதுக்கா."

"யாருக்குடா எழுதறது? எந்த ஆளுநருக்கு?"

"யாருக்கு வேணாலும் எழுது. உன்னைய மாதிரி எழுத ஆளில்ல." என்றான். "ஆனா இந்தத் தடவ அந்த மொத வரிய மட்டும் வுட்டுரு அக்கா."